புளி போட்ட செம்பு

எட்டாவது முழுப் பரீட்சை லீவில் டிராயிங் பைத்தியம் எங்கள் தெருப் பையன்களைப் பிடித்து ஆட்டியது. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தோம். லோயர், ஹையர் என்று அதில் இரண்டு படி. ஹையரும் தேறி டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் டிராயிங் மாஸ்டராகவே போய்விடலாம் என்பார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. மாடல் டிராயிங் பழகுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டால் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான்.

மாடலுக்குக் கும்பகோணத்தில் பஞ்சமா? அடுக்களையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு கத்திரிக்காய், ஒரு பெரிய வெங்காயம். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் மணையைப் போட்டு, அப்பாவின் வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் வைப்பேன். வெளிச்சம் முற்றத்துப் பக்கமிருந்து மட்டும் வரும். கையை விறைப்பாக நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, பென்சில் நுனியைச் செம்பின் விளிம்புக்கும் கட்டைவிரலை அதன் அடிக்கும் பொருத்தி உயரம் பார்ப்பேன். அதே பென்சிலைப் படுக்கவைத்தால் அகலம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. தினமும் தண்ணீர் மொண்டு குடித்த செம்பு; கைக்கு அது ஒல்லியாகத்தான் தெரிந்திருந்தது.

செம்பின் வாயை எல்லோருமே இரண்டு ஓரத்திலும் மீன் மாதிரிக் கூராக்கிவிடுவோம். மாஸ்டர் நோட்டைப் பிடுங்கி, “ஏண்டா, செம்புக்கு மூலை உண்டா?” என்பார். ஓரத்திலும் கோடு வளைந்துதான் திரும்ப வேண்டும். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் விரியும் என்பதையும் அவர்தான் காட்டினார். வாய் தட்டையாகத் தெரிந்தால் அடி அதைவிட உருண்டையாக இருக்கும். மணைமேல் சமமாக உட்கார்ந்திருக்கிற செம்புக்கு அடியில் நேர்கோடு போடக்கூடாது என்பதை மனசு ஒப்புக்கொள்ளவே நாளாயிற்று.

கோட்டுக்கு நடராஜ் எச்பி, கறுப்புக்கு 4பி. இரண்டையும் பாதி பிளேடால்தான் சீவுவோம். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. 1795இல் பிரான்ஸில் கோன்டே என்பவர் காப்புரிமை வாங்கிய பக்குவம் அது. ஆனால் 4பியை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் கறுக்காது, மினுக்கத்தான் செய்யும்.

புதன்கிழமைச் செம்பு மங்கலாக இருக்கும். முற்றத்துப் பக்கத்து வெளிச்சம் வயிற்றைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல இருட்டுக்குள் இறங்கும். இருட்டு முடிகிற ஓரத்தில் மட்டும், கீழே கிடக்கும் துண்டின் வெள்ளை பட்டு, லேசாக வெளுத்திருக்கும். அந்த இடத்தை விட்டுவைத்தால்தான் செம்பு உருளும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரு நடை தேய்த்தால் பாதி வந்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாயி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கிணற்றடியில் புளி போட்டு ஒரு தேய்ப்பு, சாம்பல் போட்டு இன்னொரு தேய்ப்பு. மறுநாள் எதிரே உட்கார்ந்திருப்பது வேறு செம்பு. கழுத்துக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு பட்டை, அதை ஒட்டியே கண்ணைப் பறிக்கும் வெள்ளை. மெல்ல இறங்குவது என்ற பேச்சே கிடையாது. வயிற்றில் முற்றத்துத் தூண் வளைந்து நிற்கும். கத்திரிக்காய் இரண்டும் குட்டியாகி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் பனியனோடு நான், நீட்டிய கை மட்டும் பெருத்துப்போய். பளபளப்பு வேண்டுமென்றால் கறுப்பையும் வெறும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விட வேண்டும். இடையில் விரலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் மறுபடி புதன்கிழமை ஆகிவிடும்.

பாதியில் நிற்கும் படத்தை என்ன செய்வது? “அப்பாயி, இந்த ஒரு வாரம் தேய்க்காம விடேன்” என்று கெஞ்சினேன்.

“களிம்பேறின செம்பப் புழங்குனா வீடு வெளங்கிரும்!”

அம்மா வேறு. குழம்புக்கு நேரமாச்சு என்று கத்திரிக்காயைக் காம்போடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் எதை வரைந்தாலும் கத்திரிக்காயை முதலில் முடிப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வெங்காயத்தை யாரும் சீண்டவில்லை. பரீட்சையில் வைத்தது ஒரு மண்பானையும் மரக்கட்டையும்; சிரமமே இல்லை, சப்பென்றிருந்தது.

பிற்பாடு ஜார்ஜோ மொராந்தியைப் பற்றிப் படித்தேன். இத்தாலியில் பொலோன்யா நகரத்துக்காரர், 1964இல் இறந்தவர். அதே பாட்டில்கள், அதே குவளைகள், அதே தகர டப்பாக்கள் என்று பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தவர். மினுக்கம் ஆகாது என்று பாட்டில்களுக்கு மங்கலான பெயின்ட் பூசிவிடுவாராம். தூசி படிந்தாலும் துடைக்க மாட்டாராம். பெரிய ஓவியர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் வீட்டு நினைப்புத்தான் வருகிறது. கல்யாணமாகாத தங்கைகள் மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருந்தவர். அந்த மூன்று பேரில் ஒருத்திக்குமா வெள்ளிக்கிழமை வரவில்லை?