மூச்செடுக்க வரும் இடம்

வடசென்னை எர்ணாவூர், 2017 பிப்ரவரி முதல் வாரம். ராமகிருஷ்ணா நகர் குப்பத்துக் கருங்கல் கரையில் அலை உடையவில்லை. கனத்து எழும்பி, நுரையில்லாமல் மடிந்து திரும்புகிறது. ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு அப்பால் எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிளும் எண்ணெய்க் கப்பல் டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெயை நீரோட்டம் தெற்கே தள்ளிவந்து கல் இடுக்குகளில் சேர்த்திருக்கிறது.

முழங்கைவரை கறுத்த இளைஞர்கள் வரிசையாக நின்று பக்கெட்டைக் கைமாற்றுகிறார்கள். களிபோல் இறுகிய எண்ணெய் உறிஞ்சு குழாயில் ஏறவில்லை. வெற்றுக் கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்மணி ஒருவனை அதட்டுகிறார்: "மூஞ்சில கைய வெக்காதப்பா! மொதல்ல தேங்காண்ணெ போட்டுத் தொட."

சற்றுத் தள்ளி மணலில் ஒரு பங்குனி ஆமை, உயிரில்லை. கழுத்து மடிப்பிலும் கண்ணோரத்திலும் துடுப்புக் கால் இடுக்கிலும் கறுப்பு. நாய் ஒன்று மோந்துவிட்டு விலகுகிறது. "முட்ட போட வந்துருக்கும்ணா" என்கிறான் ஒரு சிறுவன். அண்ணன் பதில் சொல்லவில்லை. இந்த மாதங்களில் இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்த ஆமைகளும் ஒதுங்கும். எது கொன்றது என்று உடலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் எண்ணெய் என்ன செய்யும் என்பது தெரியும். ஆமைக்குச் செவுள் கிடையாது. மேலே வந்து, நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டுதான் மறுபடி மூழ்கும். எண்ணெய்ப் படலம் மிதப்பதும் அங்கேதான். அதைக் கண்டு விலகத் தெரியாத பிராணி அது. ஆவி நுரையீரலுக்குள் போகிறது; மிதக்கும் தார் உருண்டையை இரையென்று விழுங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை தாய் ஆமைகள் கரையேறி, குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடும் காலம். ஏறக்குறைய ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சு இதே மணலைத் தாண்டி, இதே நீர்ப்பரப்பில்தான் மிதந்து போகவேண்டும்.

2023 டிசம்பர், எண்ணூர் முகத்துவாரம். இம்முறை மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்திருக்கிறது. அலையாத்திச் செடிகளின் அடித்தண்டு கறுத்திருக்கிறது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் தார்நிறம். படகில் குனிந்து மீனவர்கள் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றுகிறார்கள். ஆமைகள் கரையேற இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.

இரண்டு முறையும் எண்ணெயைக் கையாலும் வாரவேண்டியிருந்தது. துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் நிற்கிற இந்தக் கரையில் மிதவைத் தடுப்பும் எண்ணெய் அள்ளும் கருவியும், அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் எந்நேரமும் தயாராக இருக்கவேண்டும். எண்ணெய் பரவும் முன் தண்ணீரிலேயே மடக்குவதுதான் ஆமைக்குக் காப்பு. பக்கெட் தூக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு.