பிறந்த வீட்டுக் காற்று, புகுந்த வீட்டுக் காற்று

மாசுக் காற்று நம்மைச் சீக்கிரம் மூப்படையச் செய்கிறதா என்று மரபியலிடம் கேட்பவர்கள் இன்று பெரிதும் நம்புவது மெண்டலிய சமவாய்ப்பு முறையை. பெற்றோரின் எந்த மரபணு வடிவம் பிள்ளைக்கு வரும் என்பது குலுக்கல் சீட்டு; அந்தக் குலுக்கலையே இயற்கை நடத்திய சோதனையாகக் கொள்வது இம்முறை. ஏஎல்டிஹெச்2 மரபணுவின் ஒரு வடிவம் இருந்தால் குடித்ததும் முகம் சிவந்து குமட்டும். அதனால் குடியும் குறையும். கிழக்காசியாவில் மதுவின் விளைவை அறிய அது நல்ல கருவியானது. ஆனால் வாசலில் எவ்வளவு நுண்துகள் மிதக்கும் என்பதை எந்த மரபணுவும் முடிவு செய்வதில்லை. பிரிட்டனின் யுகே பயோபேங்க் ஐந்து லட்சம் பேரின் தரவைக் கொண்டது. அதில் பிஎம் 2.5 என்னும் நுண்துகளின் அளவோடு சேர்ந்து வரும் மரபணுக் குறிகள் பெரும்பாலும் சொல்வது, யார் எங்கே குடியிருக்கிறார் என்பதைத்தான்.

குடியிருப்பைக் காட்டும் குறியை மாசுக்கான மரபணுவாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பிழை கடலூரில் இன்னும் பெரிதாகும். கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் 2004இல் தாங்களே காற்று மாதிரி எடுத்தார்கள். அவற்றில் புற்றுநோய் தரக்கூடிய வேதிப்பொருட்களும் இருந்தன. நம் பக்கம் ஊர், காலனி, குப்பம் என்று குடியிருப்பே சாதியால் பிரிந்திருக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் சாதிக்குள்ளேதான். ஆகவே மரபணுவும் புகையும் கைகோத்து வரும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்காது. வம்சாவளி வேறுபாட்டைக் கணக்கில் கழித்துவிடலாமே என்பார்கள். கொஞ்சம் கழியும், தெருவுக்குத் தெரு மாறும் வேறுபாடு முழுதாகக் கழியாது. கழியாத மிச்சத்தைக் காரணமென்று எழுதினால், பழி புகைபோக்கியை விட்டு மக்களின் உடம்புக்குள் போய்விடும்.

மரபியலுக்கு உரிய இடம் வேறு. அக்கா தங்கைக்குப் பெற்றோர், சாதி, தெரு, சிறுவயதுச் சோறு எல்லாம் ஒன்று. ஒருத்தி குடிகாட்டிலேயே வாழ்க்கைப்பட, இன்னொருத்தி சிதம்பரம் பக்கம் போனால், கல்யாணம் அவர்களின் காற்றைப் பிரிக்கிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தின் வெள்ளணுக்களை உடைத்து, குளிர்ந்த ஆல்கஹாலை விட்டால் டிஎன்ஏ வெண்ணூலாகத் திரளும். அதன் நுனிகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து ஆயிரம் தடவைக்கு மேலும் அடுக்கி நிற்கும். டெலோமியர் எனப்படும் அந்த அடுக்கு, செல் பிரியப் பிரியக் குறுகும். டிஎன்ஏவில் மெத்தில் குறிகள் படியும் 353 இடங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் கடிகாரத்தை 2013இல் ஸ்டீவ் ஹார்வத் வெளியிட்டார். இவ்விரண்டையும் அக்கா தங்கைக்குள் ஒப்பிடலாம். நச்சை முறிக்க உதவும் ஜிஎஸ்டிஎம்1 மரபணு இல்லாதவர்களை அந்தப் புகை கூடுதலாக வாட்டுகிறதா என்றும் பார்க்கலாம்.

வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள் உடம்பு தேறத்தானே செய்யும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்காகத்தான் வெளியூரிலிருந்து குடிகாட்டுக்கு மருமகளாக வந்தவர்களையும், வெளியூரிலேயே தங்கிய அவர்களின் சகோதரிகளையும் சேர்க்க வேண்டும். விறகடுப்பு, கணவரின் பீடி, குடும்ப வருமானம் ஆகியவற்றையும் கேட்டுப் பதிய வேண்டும். இரு திசையிலும் புகையருகே வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட மூப்பும் கூடினால், வசதியை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது. எனவே, மரபணு வரிசையைப் படிக்கும் முன் படிவத்தில் இரண்டு கட்டங்கள் போடுவோம்: பிறந்த வீடு, புகுந்த வீடு. அவற்றின் எதிரே ஆண்டுக் கணக்கு.