விதையிலிருந்து ஒரு ஸ்ட்ரோபெரி: நுவரெலியாவில் கண்டதும் கேட்டதும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கம்பளையைத் தாண்டியதும் ஒவ்வொருவராக யன்னலை மூடத் தொடங்குவார்கள். புசல்லாவ, றம்பொடை, லபுக்கலை என்று பாதை வளைந்து ஏற ஏறக் குளிரும் ஏறிக்கொண்டே வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கிளிநொச்சி வெயிலில் வளர்ந்த எனக்கு, ஒரே நாட்டுக்குள் இப்படியும் ஓர் ஊரா என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே பண்ணை அமைத்தார். தன் நாட்டிலிருந்து கால்நடைகளையும் விதைகளையும் கப்பலில் கொண்டுவந்தார். குளிர்நாட்டுப் பயிர்கள் இந்த மண்ணில் வேரூன்றின. இன்று பாதையோரம் முழுவதும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. இடையிடையே பொலித்தீன் கூடாரங்கள். அவற்றுள் பலவற்றில் வளர்வது ஸ்ட்ரோபெரி. சிறு பெட்டிகளில் அடைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள்.

என் அம்மா பிறந்தது இந்த மலையில்தான். 1977 வன்செயலுக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் மூட்டை முடிச்சுகளோடு வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். வன்னியில் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய. பெரியம்மா குடும்பம் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. கந்தப்பளைப் பக்கம் ஒரு லயத்தில் இருக்கும் பெரியம்மாவின் மகளைப் பார்க்கத்தான் 2023 மார்ச்சில் போனேன்.

போகும்போது ஒரு கேள்வியையும் கொண்டுபோனேன். எங்கள் அயலில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். 2009இல் கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். சந்தைக்கு வந்த ஒரு வியாபாரியிடம் ஸ்ட்ரோபெரி விதைப் பைக்கற்றுகள் வாங்கி வைத்திருந்தாள். பைக்கற்றின் மேல் சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று நிறத்தில் பழங்களின் படம். நுண்கடன் எடுத்து, நிழல்வலை கட்டி, பெரிதாகச் செய்யலாம் என்பது அவளுடைய எண்ணம். "அக்கா, மலைநாட்டுக்குத்தானே போறீங்கள், ஒருக்கால் விசாரிச்சுக்கொண்டு வாங்கோ" என்றாள்.

பெரியம்மா மகள் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர். லயத்தின் பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் ஒரு துண்டு நிலம். அதுவும் அவர் பெயரில் இல்லை. அதனால் பாதியை உரப்பைகளிலும் பழைய வாளிகளிலுமே வளர்க்கிறார். கூரை விளிம்பில் வரிசையாக யோகட் கோப்பைகள். அவற்றில் சுண்டுவிரல் நகம் அளவில் மூன்று மூன்று இலைகளோடு ஸ்ட்ரோபெரிக் கன்றுகள் நின்றன. எல்லாம் விதையிலிருந்து வந்தவை.

ஸ்ட்ரோபெரியின் விதை பழத்தின் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. தோலில் குத்திவைத்தது போல் தெரியும் புள்ளிகள்தான் அவை. ஒரு பழத்தில் இருநூறு வரை இருக்கும். நன்றாகப் பழுத்த பழத்தின் மேல்தோலை மெல்லியதாகச் சீவி, தாளில் விரித்து, நிழலில் உலரவிட வேண்டும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் விதை தனியே உதிரும்.

அடுத்தது குளிர். இந்தச் செடி பனிக்காலம் உள்ள நாடுகளில் தோன்றியது. குளிரைக் கண்ட பிறகுதான் விதை ஒழுங்காக விழித்துக்கொள்ளும். ஈரமான தாளில் சுற்றி, சிறு பையில் போட்டு, பக்கத்து வீட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று வாரம் வைத்ததாக அக்கா சொன்னார். ஐஸ் உறையும் தட்டில் வைக்கக்கூடாது.

பிறகு கோப்பையின் அடியில் துளையிட்டு, சலித்த மண்ணும் மக்கிய உரமும் தும்புத்தூளும் கலந்து நிரப்பி நனைக்க வேண்டும். "வெதைய மண்ணுக்குள்ள பொதைச்சிடாத. மேல தூவி லேசா அமுக்கி விடு. அதுக்கு வெளிச்சம் வேணும்" என்றார் அக்கா. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை அடித்துப்போகும். ஆகவே கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியால் உறிஞ்சவிடுகிறார். முளைக்க இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். ஒரே நாளில் எல்லாம் முளைப்பதில்லை. மூன்று இலை வந்ததும் பெரிய பைக்கு மாற்றலாம். நடும்போது நடுக்குருத்து மண்ணுக்குள் போகக்கூடாது. போனால் அழுகிவிடும். காய் பிடிக்க ஆறு மாதத்துக்கு மேல், சிலவேளை ஒரு வருடமும் செல்லும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்தாலும் தாய்ச்செடியின் பழமே கிடைக்கும் என்றில்லை. நாம் கடையில் காணும் பெரிய ஸ்ட்ரோபெரி, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இரண்டு இனங்கள் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கலந்து உருவானது. கலப்பில் பிறந்ததால் அதன் விதையிலிருந்து வரும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு குணம். ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும், ஒன்று காய்க்கவே சுணங்கும். காட்டு ஸ்ட்ரோபெரி என்ற சிறு பழ இனம் மட்டும் விதையிலும் பெரும்பாலும் தாயைப் போலவே வரும்.

அதனால் விற்பனைக்குப் பயிரிடுபவர்கள் பழத்து விதையை நம்புவதில்லை. தாய்ச்செடியிலிருந்து தரையோடு ஓடும் கொடியின் கணுவைப் பக்கத்துக் கோப்பை மண்ணில் பதித்துவைப்பார்கள். சில வாரங்களில் வேர் பிடித்ததும் கொடியை வெட்டிவிடுவார்கள். அந்தக் கன்று அச்சாகத் தாயேதான். "அப்ப ஏன் விதை போடுறீங்கள்?" என்று கேட்டேன். "கன்னு காசு. பழம் ஒண்ணு சும்மா கெடைச்சிச்சு" என்று சிரித்தார். வீட்டுப் பிள்ளைகள் தின்ன அது போதும். பிழைப்புக்கு அது வழியல்ல என்பது அவருக்குத் தெரியும்.

தங்கச்சியின் கேள்வியைச் சொன்னேன். அக்கா பைக்கற்றின் படத்தைக் கைபேசியில் பார்த்தார். "நீலத்துல பழமா? இந்த மலையில நான் கண்டதில்லையே" என்றார். மலையில் மட்டுமல்ல, உலகில் எங்கும் நீல ஸ்ட்ரோபெரி என்று ஒன்று இல்லை. அது படத்தில் மாற்றிய நிறம்.

விதை நல்லதாகவே இருந்தாலும் வன்னி வெயில் இடம்கொடாது. இரவு குளிர்ந்தால்தான் இந்தச் செடி ஒழுங்காகப் பூக்கும். சூட்டில் இலை விடும், பூவை நிறுத்திவிடும். நிழல்வலை வெயிலைக் குறைக்குமே தவிர இரவைக் குளிராக்காது. மண்ணும் சற்றுப் புளிப்புத் தன்மையாக இருக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்பு நிலமும் கிணற்று நீரும் அதற்கு எதிர். குளிர்காட்டிய கூடாரம் போட வசதியுள்ளவர்கள் செய்யலாம். கிழமைக்குக் கிழமை தவணை கட்டவேண்டிய கடனில் செய்கிற வேலை இதுவல்ல. முதற் பழம் வருமுன் முப்பது தவணை வந்துவிடும்.

ஊர் திரும்பி இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது முகம் வாடித்தான் போனது. ஆனால் கடன் படிவத்தில் அவள் கையெழுத்து வைக்கவில்லை. அக்காவின் யோகட் கோப்பை முறை மட்டும் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அந்த வருட மாரிக்கு முன் மிளகாயும் கத்தரியும் அதே கோப்பைகளில் நாற்றுப் போட்டாள். இவற்றுக்குப் பிரிட்ஜும் வேண்டாம், வெளிச்சமும் கேட்காது, மெல்லிய மண்போர்வை இருந்தால் ஒன்றரைக் கிழமையில் முளைத்துவிடும். மிளகாய் நாற்று நாலைந்து கிழமையில் நடுகைக்குத் தயார். மழை தொடங்க, நாற்றுத் தேடி அயலவர்கள் அவள் படலைக்கே வந்தார்கள். போட்ட முதல் விதையும் மண்ணும்தான். கோப்பை குப்பையில் பொறுக்கியது.

குளிர் ஊரில் இருக்கும் சகோதரிகள் ஒரு பழத்தை எடுத்து விதை போட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் ஆசையோடு பார்த்திருப்பார்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் புதிய பயிர் ஒன்றுக்குக் கடன் வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள். அது பிறந்த ஊரின் குளிர் எவ்வளவு? எந்த மண்? முதல் வருமானம் எத்தனை மாதத்தில்? விற்க வருகிறவரிடம் அல்ல, அதை வளர்த்துக் கைபழகிய ஒரு பெண்ணிடம் கேளுங்கள்.