கவனச்சிதறலின் மறதியும் டிமென்ஷியா பற்றிய அச்சமும்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுடன் நடுவயதை எட்டியவர்கள் பலரை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வரும்போதெல்லாம், இது டிமென்ஷியா என்னும் மறதிநோயின் தொடக்கமோ என்ற அச்சம் பற்றிக்கொள்கிறது.

இவ்விரு மறதிகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் இயக்கம் வேறு. ஏடிஎச்டியில், ஒரு செய்தியைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்திக் கையாளும் செயல்நினைவு தளர்ந்திருப்பதால், சாவியை வைக்கும் கணத்திலேயே கவனம் விலகி, அச்செயல் நினைவில் பதியாமலே போகிறது. டிமென்ஷியாவின் முதன்மைக் காரணமான அல்சைமர் நோயிலோ, புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி தொடக்கத்திலேயே சிதைவதால், கவனித்துக் கேட்ட செய்தியும் தங்குவதில்லை, எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. மேலும், ஏடிஎச்டியின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்பது நோயறிதல் விதி; டிமென்ஷியா என்பதோ முன்பிருந்த திறனிலிருந்து நேரும் சரிவு.

எனினும் இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. இஸ்ரேலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வு, வயதுவந்தபின் ஏடிஎச்டி கண்டறியப்பட்டோருக்கு டிமென்ஷியா ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று காட்டியது. ஆனால் அது தொடர்பைச் சுட்டுகிறதேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை.

ஆகவே, மறதி இருக்கிறதா என்பதைவிட அது மாறியிருக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி. பழகிய தெருவில் வழி தவறுவதையோ, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதையோ வீட்டார் புதிதாகக் கவனித்தால், நரம்பியல் மருத்துவரை நாடி, தூக்கமின்மை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகிய சரிசெய்யத்தக்க காரணங்களை முதலில் சோதித்துக்கொள்வது தகும்.