வைத்த காய்

மார்கழித் தொடக்கம். தேரூர்க் குளத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கியிருந்தன. அரையாண்டு விடுமுறையைக் கழிப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்த என் பேரன், தன் தந்தை பயன்படுத்திப் பழையதாகிய மடிக்கணினி ஒன்றையும் உடன் கொண்டு வந்தான். மேக் என்னும் வகையைச் சேர்ந்தது அது. மூடியின் மேல், ஒருபுறம் கடிக்கப்பட்ட ஆப்பிள் பழத்தின் வடிவம் இருந்தது. அக்கடியைத் தவிர அதில் எனக்கு விளங்கியது வேறொன்றும் இல்லை.

நானோ முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு யாப்பும் அணியும் கற்பித்தவன். கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே என் புருவம் நெரியும். பேரனுக்கோ வேறொரு குறை. "என் நண்பர்கள் ஆடும் ஆட்டங்களில் பாதி இதில் ஓடாது, பாட்டா. பெரும்பாலும் விண்டோஸ் கணினிக்கென்றே செய்கிறார்கள்" என்றான். நான் வருந்தியவன்போல் தலையசைத்தேன், உள்ளத்தில் மகிழ்ச்சியே. அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. "சதுரங்கம் மட்டும் வாங்கும்போதே இதில் இருக்கிறது. நீங்கள் நன்றாக ஆடுவீர்கள் என்று அப்பா சொன்னார்" என்று கூறிப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டான்.

திரையில் மரப்பலகையும் காய்களும் மெய்யாகவே இருப்பனபோல் நிழல் விழத் தோன்றின. சதுரங்கம் என்னும் சொல் நான்கு உறுப்புகளை உடையது எனப் பொருள்படும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே அவ்வுறுப்புகள். நம் நாட்டில் பிறந்த இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்து, பல மாற்றங்களுடன் நம்மிடமே திரும்பி வந்தது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் இறைவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இவற்றையெல்லாம் பேரனுக்கு எடுத்துரைத்தேன். "சரி, பாட்டா, முதலில் காயை நகர்த்துங்கள்" என்றான்.

என் தந்தையார் எனக்குக் கற்பித்தது மாறாத பழைய ஆட்டம். மூலையில் தேர், அதனை அடுத்துக் குதிரை, அதன்பின் யானை, நடுவில் அரசனும் மந்திரியும், முன்வரிசையில் எட்டுக் காலாட்கள். காலாள் எப்பொழுதும் ஒரு கட்டமே நடப்பான். நானும் ஒரு காலாளை ஒரு கட்டம் நடத்தினேன். கணினி அதற்கு விடையாகத் தன் காலாளை ஒரே முறையில் இரண்டு கட்டம் நடத்தியது. "கள்ளாட்டம்!" என்று கூவினேன். அடுக்களையிலிருந்து என் மனைவி ஓடிவந்து பார்த்தாள். பேரன் சிரிப்பை அடக்க மாட்டாதவனாய், காலாள் முதன்முறை இரண்டு கட்டம் செல்லலாம் என்பது இன்று உலகெங்கும் வழங்கும் விதி என்று விளக்கினான். அரசன் ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோல் பாயலாம் என்பது நாங்கள் ஆடிய முறை. அவ்வாறு பாய்விக்க முயன்றேன். கணினி ஏற்கவில்லை, அரசனைப் பழைய கட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. பேசாமல் அடங்கினேன்.

இஃது எங்ஙனம் சிந்திக்கிறது என்று வினவினேன். "சிந்திப்பதில்லை, பாட்டா, எண்ணுகிறது" என்றான் பேரன். பிறகு நானே தாளும் எழுதுகோலும் கொண்டு எண்ணிப் பார்த்தேன். முதல் நகர்வுக்கு 20 வழிகள் உள்ளன. எட்டுக் காலாட்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ செல்வதால் 16; குதிரைகள் பாய்வதால் 4. நம் பழைய முறையிலோ 12 தாம். எதிரியும் ஒருமுறை நகர்த்தினால் வழிகள் 400 ஆகும். அதற்குமேல் எண்ணுவதற்கு என்னிடம் தாள் இல்லை. இருவரும் இவ்விரு முறை நகர்த்துவதற்குள் அவை 1,97,281 ஆகிவிடும் என்று பேரன் கூறினான். அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில், முழு ஆட்டங்களின் தொகை ஒன்றின்பின் 120 சுழியங்கள் இட்ட எண்ணளவினது என்று மதிப்பிட்டார். அவ்வளவையும் எக்கணினியாலும் எண்ணி முடிக்க இயலாது. ஆதலின் சில நகர்வுகள் வரை எண்ணி, அங்கே எஞ்சி நிற்கும் காய்களுக்கு விலை மதித்து, நல்ல வழியைத் தெரிந்துகொள்கிறது. காலாளுக்கு 1, குதிரைக்கும் யானைக்கும் 3, தேருக்கு 5, மந்திரிக்கு 9 என்பன வழக்கமாகக் கூறும் விலைகள். 1997-இல் டீப் புளூ என்னும் கணினி, அந்நாளைய உலக வாகையர் காஸ்பரோவையே வென்றது. தேரூர்ப் பண்டிதன் எம்மாத்திரம்?

மூன்று ஆட்டங்கள் தோற்றேன். கணினியின் வன்மையைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் அளவுகோல் உண்டு. பேரன் எனக்கு இரங்கி அதனைக் கடைசிவரை குறைத்தான். அப்பொழுதும் தோற்றேன். பிறகு, நகர்த்தியதை மீட்டுக்கொள்ளும் கட்டளை ஒன்றைக் காட்டினான். பிழையாக நகர்த்திவிட்டோமா, அதனை அழுத்த வேண்டியதுதான். காய் பழைய இடத்திற்கே மீளும். எத்தனை முறையும் அழுத்தலாம். கணினி முகம் சுளிப்பதில்லை. அன்று மாலை நான் வென்றேன். பதினொரு முறை மீட்டுக்கொண்டு வென்றேன். பேரன் கைகொட்டினான். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எங்கள் ஊர் மேலத்தெருவில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுப் படிப்புரையில் அமர்ந்து சதுரங்கம் ஆடினோம். வைத்த காய் வைத்ததுதான் என்பது எங்களுக்குள் விதி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, என் மந்திரியை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தேன். எடுத்த பின்னரே, அவருடைய குதிரை அங்குப் பாயும் என்பதைக் கண்டேன். உடனே மந்திரியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"வைத்தது வைத்ததுதான்" என்றார் அவர்.

"நான் கையை விடவே இல்லையே" என்றேன்.

விட்டிருந்தேன். அஃது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயினும் வாதிட்டேன். வாதிடுவது எனக்குத் தொழில் தந்த பழக்கம். அவருடைய நேர்மையையும், அவர் கற்பித்த கணக்கையும் சேர்த்துப் பழித்தேன். தெருவில் போவோர் நின்று கேட்டனர். அவர் மறுமொழி கூறவில்லை. காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் இட்டு உள்ளே சென்றார். அதன்பின் நாங்கள் பேசியதில்லை. சுசீந்திரம் தேரோட்டத்தில் இருவரும் ஒரே வடத்தைப் பிடித்து இழுத்தபோதும் பேசியதில்லை.

மறுநாட் காலையில் பேரன், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நிகழ்ந்த உலக வாகையர் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தைத் திரையில் நகர்த்திக் காட்டினான். சென்னையைச் சேர்ந்த குகேஷும் சீன நாட்டு டிங் லிரெனும் அதுவரை 6.5 புள்ளிகளுடன் சமமாக நின்றனர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்றே தோன்றிய நிலையில், 55-ஆம் நகர்வில் டிங் தம் தேரைத் தவறான கட்டத்தில் வைத்தார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், வைத்த காயை எடுக்கலாகாது என்பன அவ்வரங்கின் விதிகள். மேலும் மூன்று நகர்வுகளில் எல்லாம் முடிந்தது. 18 வயதில் குகேஷ் உலக வாகையரானார்.

"டிங் இதை அழுத்தியிருந்தால் தோற்றிருக்க மாட்டார்" என்று கூறி, பேரன் விளையாட்டாக அந்தக் கட்டளையை அழுத்தினான். தேர் ஓசையின்றிப் பின்னே போய் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டியை மூடு, மக்களே. என்னோடு மேலத்தெருவுக்கு வா" என்றேன்.

நண்பர் படிப்புரையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மிகவும் இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் தாளைத் தாழ்த்தினார், எழவில்லை. வழியெல்லாம் நான் கோத்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் அவ்வேளையில் உதவவில்லை.

"அன்று நான் கையை விட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே சென்றார். சிறிது நேரம் ஆயிற்று. "போய்விடலாமா, பாட்டா?" என்று பேரன் மெல்லக் கேட்டான். அப்பொழுது அவர் பலகையும் துணிப்பையுமாக வெளியே வந்தார். காய்களைத் தொடக்க நிலையில் அடுக்கவில்லை. இங்கொரு காலாள், அங்கொரு யானை, ஓரத்தில் ஒரு தேர் என்று சற்றும் தயங்காமல் வைத்துக்கொண்டே வந்தார். பாதியளவு வைத்தபின்னரே எனக்கு அஃது எந்த ஆட்டம் என்பது தெரிந்தது. என் மந்திரியை மட்டும் பலகையில் வைக்காமல் என்னிடம் நீட்டினார்.

"வையும்" என்றார்.

அதே கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தேன். அவர் தம் குதிரையைத் தூக்கி அதனை வெட்டினார். பிறகு, என் பேரன் அமர்வதற்கு இடம் விட்டுச் சற்றே நகர்ந்து உட்கார்ந்தார்.