எழுதிக் கொடுங்கள்

நெருக்கடி நிலைக் காலத்தில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று என் வயதுக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். ஓடியிருக்கலாம். அப்படிச் சொன்னவர்களில் மிசா தடுப்புக் காவல் சட்டத்தில் உள்ளே போய் வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பேரப்பிள்ளைகள் கேட்டால் நான் ஒரு கையெழுத்திலிருந்துதான் தொடங்குவேன். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மத்திய அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில். தாலி கட்டி முடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை. அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் கைதாகியிருந்தார்கள். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று காரணம் சொல்ல அன்றைய அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பைக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம்.

தமிழ்நாட்டில் அதன் முழு உக்கிரம் தெரிந்தது, 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பின்புதான். சென்னை மத்திய சிறையில் அடிபட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு 1977 தொடக்கத்தில் இறந்துபோனார்.

காரணம் சொல்லாமல் அடைக்கப்பட்டவர்கள் நாடெங்கும் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவற்றை விசாரிக்கலாம் என்றன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28-ல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்த வாதத்தின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது, ராஜினாமா செய்தார்.

கன்னாவைக் கும்பிடலாம், தப்பில்லை. ஆனால் ஐந்தில் ஒருவர் நல்லவராக வாய்ப்பார் என்று நம்பி ஒரு தேசம் தூங்க முடியுமா? அதனால் எனக்கு 1978-ன் 44-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மேல்தான் மரியாதை அதிகம். குழப்பம் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஒப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் கேட்க வேண்டும். உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பான 21-வது பிரிவை நெருக்கடியிலும் முடக்க முடியாது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, அமைச்சரவை தன் முடிவை எழுத்தில் தர வேண்டும் என்ற சின்ன நிபந்தனை. ‘அவசரம் சார், பிறகு பேசிக்கலாம்’ என்று வந்தவர்களிடமெல்லாம் நான் அலுவலகத்தில் அதையே கேட்டிருக்கிறேன், எழுதிக் கொடுங்கள் என்று. பாதிப் பேருக்கு அங்கேயே அவசரம் தீர்ந்துவிடும்.

1976 தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017-ல் தூக்கியெறிந்தது. அப்படி எழுதிய நீதிபதிகளில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், பழைய நால்வரில் ஒருவருடைய மகன்.

அதே 44-வது திருத்தத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் உச்ச வரம்பை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிற பிரிவு. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. அமலுக்கு வரும் தேதியை அறிவிக்கும் வேலை மட்டும் மத்திய அரசிடம் விடப்பட்டது. சிறைக்குப் போய் வந்தவர்கள் நிறைந்த ஜனதா ஆட்சி அறிவிக்கவில்லை. பின்னால் வந்த காங்கிரசும் அறிவிக்கவில்லை, பாஜகவும் அறிவிக்கவில்லை.