முத்திரையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்

விடுமுறை நெருங்குகிறது. ஊரில் பலர் டிக்கட் போட்டுவிட்டார்கள். மலேசியா, தாய்லாந்து, உம்ரா என்று வீட்டுக்கு வீடு பயணக் கதைதான். அதனால்தான் போன ஓகஸ்டில் எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பயணம் போகிற ஒருவருக்காவது உதவும் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

என் தம்பி ஒன்பது வருடமாக வெளிநாடொன்றில் வேலை செய்கிறான். நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. அவனுக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்தது. பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று உம்மாவுக்கு ஆசை. உம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். பாடசாலை விடுமுறைதான் என்றாலும் அரச ஆசிரியர் வெளிநாடு போக அனுமதி எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் உம்மாவைக் கூட்டிப் போனோம்.

ஓகஸ்ட் 2ஆம் திகதி காலையில் இறங்கினோம். உம்மாவை வீல் செயாரில் வேறு வரிசையால் கொண்டுபோனார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு கவுண்டர், உம்மாவுக்கு இன்னொரு கவுண்டர். வெளியே தம்பி பிள்ளையோடு நின்றான். உம்மா அழ, அவனும் அழ, அப்படியே வீட்டுக்குப் போனோம்.

இரவு பாஸ்போட்களை அலுமாரியில் வைக்கப்போன தம்பி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம். உம்மாவுடையதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். எங்கள் முத்திரையில் 02-08. உம்மாவுடையதில் 02-07.

மாதம் பிறந்து இரண்டாம் நாள் அது. திகதி முத்திரையில் நாள், மாதம், வருடம் எல்லாம் தனித்தனியாகக் கையால் திருப்புவது. அந்தக் கவுண்டரில் நாளைத் திருப்பியிருக்கிறார்கள், மாதம் பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. அன்று அந்த வரிசையால் போன இன்னும் எத்தனை பேருக்கு அப்படி விழுந்ததோ தெரியாது.

சின்ன விஷயம்தானே என்று நினைப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது 30 நாள் அனுமதி. ஜூலை 2இலிருந்து எப்படி எண்ணினாலும் ஓகஸ்ட் 1உடன் அது முடிகிறது. அந்த முத்திரையின்படி உம்மா விமானத்தால் இறங்கும்போதே அனுமதிக் காலம் கடந்தவர்.

இதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். உதாரணத்துக்குத் தாய்லாந்தில் கூடுதலாகத் தங்கும் ஒரு நாளுக்கு 500 பாத் தண்டம், அதிகபட்சம் 20,000 பாத். 90 நாளைத் தாண்டினால் திரும்பி வரத் தடையும் உண்டு. பணத்தைக் கட்டிவிடலாம். ஆனால் ஒருவரின் பெயரில் அப்படியொரு பதிவு விழுந்தால் அடுத்த முறை விசா கேட்கும்போது அது முன்னுக்கு வந்து நிற்கும். 71 வதிலுள்ள ஒருவரிடம் 'ஐந்து வருடத்துக்கு வர வேண்டாம்' என்றால், பேத்தியை இனிப் பார்க்க வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

தம்பியின் கூட்டாளி ஒருவர் ஃபோனில் சொன்னார், "ஏழ பேனையால எட்டாக்கினா யாருக்குத் தெரியப்போகுது?" தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். பிழையான முத்திரை மற்றவரின் தவறு. அதில் நாம் கை வைத்தால் அது நம் குற்றம். பாஸ்போட்டில் திருத்தம் செய்வது எந்த நாட்டிலும் பாரதூரமான விஷயம்.

உம்மாவின் யோசனை வேறு. "வாணாம் மகன், போய்க் கேட்டா நம்மளத்தான் புடிப்பாங்க. வந்த மாதிரியே போயிருவோம்."

அடுத்த நாள் காலை உம்மாவையும் கூட்டிக்கொண்டு எயார்போட்டுக்கே போனோம். டிக்கட், போடிங் பாஸ், எங்கள் இருவரின் பாஸ்போட், கட்டுநாயக்கவில் உம்மாவுக்குக் குத்திய வெளியேறல் முத்திரை, எல்லாம் கையில். ஒரு வாசலில் மற்ற வாசல் என்றார்கள், அங்கே போனால் இருக்கச் சொன்னார்கள். மூன்று மணித்தியாலம் போனது. கடைசியில் ஓர் அதிகாரி கணினியில் பார்த்துவிட்டு, "இங்கே சரியாகத்தான் இருக்கிறது, ஓகஸ்ட் 2. பிரச்சினை இல்லை, போங்கள்" என்றார்.

நான் எழும்பவில்லை. "சேர், வழியில் பொலிஸ் நிறுத்தினால் அவர் உங்கள் கணினியைப் பார்க்க மாட்டார், இந்தத் தாளைத்தானே பார்ப்பார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பழைய முத்திரையின் மேல் ரத்து முத்திரை குத்தி, பக்கத்தில் சரியான திகதியோடு புதியது குத்தி, கையெழுத்தும் வைத்தார். நான்கு நிமிடம் எடுத்திருக்கும். உம்மாவிடம் "சொறி மதர்" என்றும் சொன்னார். திரும்பி வரும்போது உம்மா சொன்னார், "கேட்டா குடுக்கத்தான் செய்றாங்க."

உம்மாவின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது நம் எல்லாரிடமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 15 வயதானதும் பாடசாலையில் அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்புவோம். ஒவ்வொரு வருடமும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழைத்த பிள்ளைகள் இருப்பார்கள். தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி. "அன்றைக்கே பார்க்கவில்லையா?" என்று கேட்டால் வாப்பா சொல்லுவார், "பார்த்தோம் சேர், ஆனா ஒபிசர் எழுதினத எப்படிப் பிழையெண்டு சொல்ற?" அன்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியது. பதினைந்து வருடம் கழித்து சத்தியக் கடதாசி, அலைச்சல், செலவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மனிதர்தான். காலை ஷிப்டில் தூக்கக் கலக்கத்தோடு இருப்பவர். அவர் பிழையை மரியாதையாக எடுத்துச் சொல்வது அவமரியாதை இல்லை.

பயணம் போகிறவர்கள் இவற்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பாஸ்போட் கைக்கு வந்ததும் கவுண்டரில் வைத்தே வந்த திகதியையும், இருந்தால் கடைசித் திகதியையும் பாருங்கள். முத்திரை தெளிவில்லை என்றாலும் அங்கேயே சொல்லுங்கள்.

2. வீல் செயாரில் போகும் பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் ஆகியோரின் பாஸ்போட்களை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துப் பாருங்கள்.

3. ஊர் திரும்பும்வரை போடிங் பாஸை எறிய வேண்டாம். வந்த நாளுக்கு அதுதான் சாட்சி.

4. முத்திரை இல்லாத இடங்களிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை, அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் 2025 ஒக்டோபர் 12 முதல் கணினிப் பதிவுக்கு மாறத் தொடங்கின. மின்னஞ்சல் வந்தால் பெயர், பாஸ்போட் இலக்கம், கடைசித் திகதி மூன்றையும் பாருங்கள்.

5. பிறகு கண்டுபிடித்தால் பிந்தாமல் அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்துக்குப் போங்கள். நமது தூதரகத்தால் இன்னொரு நாட்டின் முத்திரையைத் திருத்த முடியாது. வழி தெரியாமல் நிற்பவர்கள் அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம்.

உங்கள் வீட்டில் பயணம் போகவிருக்கும் வயதானவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கவுண்டரில் ஒரு நிமிடம் கூட நின்றால் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். பரவாயில்லை, நில்லுங்கள்.